ரோபோவுக்குப் பெரட்டு எடுப்பது யார்?

நீங்கள் கேட்டது இரண்டே வரி: "படிவம் இரண்டில் படிக்கும் என் மகன் எந்நேரமும் ரோபோ, வேற்றுக்கிரகம் என்று கதைப் புத்தகமாகவே படிக்கிறான். இந்த அறிவியல் கதைகளில் மனித இயல்பைப் பற்றியோ சமூகத்தைப் பற்றியோ தெரிந்துகொள்ள உண்மையில் ஏதாவது இருக்கிறதா?" மேலோட்டமாகப் பார்த்தால் இலக்கியக் கேள்விதான். உள்ளே இருப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. நடக்காத ஒன்றை ஒருவர் உட்கார்ந்து இட்டுக்கட்டுகிறார். அதை எப்படி மனிதனைப் பற்றிய சாட்சியமாக எடுத்துக்கொள்வது? உங்கள் சந்தேகம் அதுதானே? நியாயமான சந்தேகம். பையன் நேரத்தை வீணாக்குகிறானோ என்பது அதற்கும் பின்னால் இருக்கும் கவலை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அதே தோட்டம் செம்பனையாக, அதாவது எண்ணெய்ப்பனையாக, மாறியதையும் பார்த்தவன். பதினெட்டு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. ஆங்கிலக் கதைகளை நான் படித்துவிட்டு வந்து தமிழில் சொல்வேன், பிள்ளைகள் குறுக்கே புகுந்து கேள்வி கேட்பார்கள். அறிவியல் என் துறையல்ல, மனோதத்துவமும் அல்ல. ஒரு கதை எப்படி வேலை செய்கிறது, கேட்கிறவர்கள் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்பதுதான் எனக்குப் பழக்கம். நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. இந்தக் கதைகள் எதிர்காலத்தைப் பற்றியவை அல்ல. எழுதப்பட்ட காலத்தில் யார் வேலை செய்தார்கள், யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாரை மனிதக் கணக்கில் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பதைத்தான் அவை மாறுவேடத்தில் சொல்கின்றன. இதற்கு நான் பெரிய கோட்பாடு எதுவும் காட்டப்போவதில்லை. 'ரோபோ' என்ற சொல்லே போதும். கரேல் சாப்பெக் என்ற செக் எழுத்தாளர் 1920-இல் எழுதி, அடுத்த ஆண்டு பிராக் நகரில் மேடையேறிய நாடகத்திலிருந்து வந்த சொல் அது. சொல்லைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் நிலக்கிழாருக்குக் குடியானவன் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய உழைப்பு. அந்த முறையை அவர்கள் நாட்டில் 1848-இல்தான் ஒழித்தார்கள். ஆக, உலகம் முழுக்கப் பிள்ளைகள் இரும்பு பொம்மையைக் காட்டிச் சொல்லும் அந்தப் பெயரைத் தமிழில் நேராகச் சொன்னால் வெட்டியாள், இல்லையென்றால் கூலி.

நாடகத்தின் கதையைக் கேளுங்கள். ஒரு தீவில் தொழிற்சாலை. அங்கே செய்யப்படுபவை இரும்பு யந்திரங்கள் அல்ல. ரசாயனச் சதையால் உருவாக்கிய, பார்க்க மனிதர்களைப் போலவே இருக்கும் வேலையாட்கள். சந்தோஷப்படுவது, வாத்தியம் வாசிப்பது, காலாற நடந்துவிட்டு வருவது எல்லாம் வேலைக்குத் தேவையில்லாதவை என்று கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துச் செய்த ஆட்கள். இவர்களுக்கு உரிமை கேட்டு ஒரு பெண் கப்பலில் வந்து இறங்குகிறாள். வந்தவள் ரோபோவாக இருக்கும் காரியதரிசியை மனுஷி என்று நினைக்கிறாள், நிர்வாகிகளை ரோபோக்கள் என்று நினைத்து அவர்களிடம் அனுதாபமாகப் பேசுகிறாள். எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு இடம் வரும், அங்கே யாரும் சிரிப்பதில்லை. அந்த ஆட்களுக்கு வலி தெரியாது, வலி தெரியாததால் கையை யந்திரத்தில் விட்டு நொறுக்கிக்கொள்கிறார்கள், நிர்வாகத்துக்கு நஷ்டம். அதனால் வலியை உணரும் நரம்பு வைக்க ஏற்பாடு நடக்கிறது. இரக்கத்தினால் அல்ல, சரக்கு கெடாமல் இருப்பதற்காக.

இந்தக் கதையை நான் சொன்ன ஒரு சனிக்கிழமை, பேத்தியைக் கூட்டிப்போக வந்த பாட்டி ஒருவர் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் கித்தா மரத்தில் பால் வெட்டியவர். வலது கை ஆள்காட்டி விரல் உளி பிடித்த வாக்கில் வளைந்தே நின்றுவிட்டது, நீட்டச் சொன்னால் நீளாது. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன் வாத்தியாரே, அதுங்களுக்குப் பெரட்டு எடுக்கிறது யாரு? மனுசனா, அதுங்கள்ல ஒண்ணா?" என்றார். தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரட்டு என்றால் விடிவதற்கு முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. துரை தூரத்தில் நிற்பார், கணக்கு எழுதும் கிராணி புத்தகத்தோடு நிற்பார், பெயர் கூப்பிட்டு அதட்டுகிறவர் நம் ஊரிலிருந்தே வந்த கங்காணி. பாட்டி கேட்டது அதைத்தான். நான் இந்த நாடகத்தைப் பலமுறை படித்திருக்கிறேன், அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் நாடகத்தில் பதில் இருக்கிறது. ராடியஸ் என்று ஒரு ரோபோ. மற்றவர்களைவிடப் பெரிய மூளை கொடுத்து, நூலகத்தில் வேலைக்கு வைக்கிறார்கள். அவன் ஒரு நாள் சொல்கிறான்: எனக்கு எஜமான் வேண்டாம், நான் மற்றவர்களுக்கு எஜமானாக இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் பாட்டி, "அப்ப கங்காணிதான்" என்று எழுந்து போய்விட்டார்.

கடைசியில் ரோபோக்கள் கலகம் செய்து மனிதர்களை அழிக்கின்றன. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன, கட்டுமான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அவர். காரணம், அவர் தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறார் என்பது. சாப்பெக் மலாயாவை நினைத்து எழுதவில்லை. அப்படி நான் சொன்னால் அது கதைவிடுவது. ஆனால் மலாயாவில் ஆட்களை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு வேலை வாங்கிய சஞ்சிக்கூலி முறையை நிறுத்தியது 1910-இல், நாடகம் வந்தது அதற்குப் பத்தே வருடம் கழித்து. ஆளை ஆளாகப் பார்க்காமல் இத்தனை கை, இத்தனை நாள் என்று கணக்கில் எழுதிய உலகம் ஒன்றுதான். பிராகில் இருந்தவருக்கும் அது தெரிந்திருந்தது, லயத்தில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது.

இதைச் சொல்லிவிட்டு நாம் பாவம் என்று முடித்துக்கொண்டால் கதையை நாம் சரியாகப் படிக்கவில்லை. இங்கே செம்பனைக் குலை வெட்டுவது இப்போது பெரும்பாலும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். நம் ஆட்கள் சிலர் அவர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கிறார்கள். டீக்கடையில் நம்மவர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரே ரூம்ல பத்துப் பேர் படுத்துக்குவானுங்க சார், அவனுங்களுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு." பழகிப்போச்சு. என் தாத்தாவைப் பற்றி ஏதோ ஒரு துரை தன் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து இதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார், சந்தேகமே இல்லை. ராடியஸ் சொன்னதற்கும் இதற்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. இந்த வகைக் கதைகள் எனக்குக் கொடுத்தவற்றில் உருப்படியானது இதுதான். 'அவன் நம்மைப் போல இல்லை, அவனுக்கு வலிக்காது' என்ற வாக்கியம் எங்கே வந்தாலும் காது விறைத்துக்கொள்கிறது, என் வாயிலிருந்து வந்தாலும்.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இதை வேறு பக்கமாகத் திருப்பிச் செய்தார். செவ்வாய்க்காரர்கள் இங்கிலாந்தின் மேல் படையெடுக்கும் அவருடைய கதை 1898-இல் புத்தகமாக வந்தது. சாகசக் கதை என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள், படமாகவும் பார்க்கிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே அவர் தாஸ்மேனியத் தீவின் மக்களைக் குறிப்பிட்டு, ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதே வருடத்தில் அவர்களைத் துடைத்தெறிந்ததை நினைவுபடுத்துகிறார். நாம் இப்படிச் செய்துவிட்டுச் செவ்வாய்க்காரனைக் குறை சொல்ல முடியுமா என்பது அவர் கேள்வி. லண்டன்வாசிக்குத் தன் பேரரசை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. நமக்கு எதிர்ப்பக்கம் போகவேண்டிய அவசியம் இல்லை, நாம் அங்கேதான் இருந்தோம். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் கோலகங்சார் போனால், மாவட்ட அலுவலகத்தின் அருகே பழைய கித்தா மரம் ஒன்று நிற்கிறது. 1877-இல் வந்த நாற்றுகளில் ஒன்று. அதற்கு முந்தைய வருடம் பிரேசிலிலிருந்து ஒரு ஆங்கிலேயர் எழுபதாயிரம் விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் சில இலங்கை, சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தன. பிள்ளைகளை அந்த மரத்தடிக்கு ஒருமுறை கூட்டிப்போய், "எங்கிருந்தோ ஒரு அந்நியச் செடி வருகிறது, அது வாழ்வதற்காகக் காடு முழுவதும் அழிக்கப்படுகிறது, அதைக் கவனித்துக்கொள்ளக் கடல் கடந்து ஆட்கள் கொண்டுவரப்படுகிறார்கள், இது எந்தக் கதை?" என்று கேட்டேன். ஒரு பையன் ஏதோ வீடியோ கேம் பெயரைச் சொன்னான்.

இன்னொரு உறுதியான விஷயம், இது கொஞ்சம் வேடிக்கையானது. எழுத்தாளர் எதை மாற்றினார் என்பதைவிட எதை மாற்ற மறந்தார் என்பதில்தான் சமூகம் பிடிபடுகிறது. 1940, 50-களின் அமெரிக்கக் கதைகளில் விண்கலம் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவும், கணக்குப் போட ஆள் ஸ்லைட் ரூல் எடுப்பார். சரி, கணிப்பொறி இவ்வளவு சிறிதாகும் என்று அவர்களுக்குத் தெரியாது, மன்னித்துவிடலாம். ஆனால் பல கதைகளில் வேற்றுக்கிரகத்திலும் மனைவிதான் காபி போட்டுக் கொடுக்கிறாள். ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பலைக் கற்பனை செய்ய முடிந்தவருக்கு, கணவன் அடுப்படியில் நிற்பதைக் கற்பனை செய்ய முடியவில்லை.

அதைக் கற்பனை செய்தவர் வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன். பெண்கள் ஆளும் ஒரு நாட்டைப் பற்றிய 'சுல்தானாவின் கனவு' (Sultana's Dream) என்ற அவருடைய சிறுகதை 1905-இல், அதுவும் மதராஸிலிருந்து வந்த பெண்கள் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வெளியானது. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுச் சமையலும் பிள்ளை வளர்ப்புமாக இருக்கிறார்கள். பெண்கள் விஞ்ஞானிகள், சூரிய வெப்பத்தில் சமையல், மேகத்திலிருந்து தண்ணீர், ஆகாயத்தில் பயணம். முகத்திரைக்குள் வளர்ந்த பெண், பள்ளிக்கூடம் போகாதவர், அண்ணன் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்து ஆங்கிலம் கற்றவர். எழுதி முடித்துக் கணவரிடம் காட்டியபோது, அவர் நின்றபடியே படித்துவிட்டு, 'பயங்கரமான பழிவாங்கல்' என்றாராம். எங்கள் வட்டத்தில் இதைச் சொன்னபோது பெண் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், பையன்கள் நெளிந்தார்கள். "ஆம்பளைய வீட்டுக்குள்ள பூட்டி வைக்கிறது அநியாயம் சார்" என்றான் ஒருவன். அவன் அக்கா எதுவும் சொல்லவில்லை, அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து பக்கக் கட்டுரை எழுதியிருந்தாலும் அந்தப் பார்வை வந்திருக்காது. வழக்கம் என்று ஒன்று பழகிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆட்களை இடம் மாற்றி உட்கார வைத்தால் சட்டென்று தெரியும். இந்த வகைக் கதையின் பெரிய தந்திரமே அதுதான்.

மேரி ஷெல்லியைச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை. முந்தைய வருடம் நம் பக்கத்திலேயே, சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவு அது. குளிரும் மழையுமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த நண்பர்கள் பேய்க்கதைப் போட்டி வைத்ததில், பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பிறந்தது ஃபிராங்கன்ஸ்டைன். 1818-இல் வெளிவந்தது. அறிவியல் ஆணவம் என்ற ஒற்றை வரியில் எல்லோரும் அதை முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கதையில் வரும் ஃபிராங்கன்ஸ்டைன் பிணத்துக்கு எப்படி உயிர் கொடுத்தான் என்பதைப் புத்தகம் சொல்லவே இல்லை. உயிர் கொடுத்துப் பெற்றவன் தன் பிள்ளையான அந்த உருவத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான், அங்கேதான் குற்றம். அந்த உருவம் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர்ச் சந்து வழியாக ஒரு குடும்பம் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மொழி கற்கிறது. பலகைச் சுவர் வைத்த லயத்தில் வளர்ந்தவனுக்கு இந்த இடம் தனியாகப் புரியும். பக்கத்து வீட்டுச் சண்டை, சமாதானம், கடன் கணக்கு எல்லாம் அப்படித்தானே நமக்கும் பாடமானது.

இனி சந்தேகத்துக்குரியவை. முதலாவது, இந்தக் கதைகள் வருங்காலத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டன என்ற பேச்சு. சுஜாதா எண்பதுகளில் விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா', அதாவது ஜீனோ என்ற இயந்திர நாயின் கதை, காட்டிய காலத்தை நாம் கடந்துவிட்டோம். அப்படி ஒரு நாய் யார் வீட்டிலும் வாலாட்டவில்லை. அதனால் அந்தக் கதை தோற்றுவிட்டதா என்ன? ஈ.எம். ஃபார்ஸ்டர் 1909-இல் எழுதிய ஒரு கதையில் மனிதர்கள் நிலத்தடியில் ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு திரை வழியாகப் பேசிக்கொள்கிறார்கள், சொற்பொழிவும் திரையில்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, நானே கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பு வட்டம் நடத்தியபோது அந்தக் கதை நினைவுக்கு வந்து சிலிர்த்தது உண்மை. ஆனால் பலித்தவற்றை எண்ணுகிற நாம் பலிக்காதவற்றை எண்ணுவதில்லை, ஜோசியக்காரரிடம் செய்வதைப் போலவே. ஃபார்ஸ்டர் கதையில் கடைசியில் யந்திரம் நின்றுபோகிறது, ஆனால் அதுவரை அது எல்லோருக்கும் ஒன்றுபோல வேலை செய்யும். எங்கள் பிள்ளைகள் லைன் கிடைக்காமல் கோயில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அது கதையில் இல்லை.

கதைகள் தவறவிடும் இன்னொன்றும் உண்டு. 2007 அக்டோபரில் நம் நாட்டு விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது நோன்பு மாதம். நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, ஒரு நாளில் பதினாறு சூரியோதயம். எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவது? அதற்கென்று இங்கே முறைப்படி வழிகாட்டி தயாரித்தார்கள். முடிந்தால் மெக்காவிலுள்ள காபாவை நோக்கி, இல்லையென்றால் காபாவுக்கு நேர் மேலுள்ள வானத்தை நோக்கி, அதுவும் முடியாவிட்டால் பூமியை நோக்கி, எதுவும் முடியாவிட்டால் எந்தப் பக்கமும். விண்வெளிக்குப் போன மனிதன் தன் வழிபாட்டையும் சாப்பாட்டையும் அம்மாவையும் மூட்டை கட்டித்தான் எடுத்துப் போகிறான். நான் படித்த பழைய விண்வெளிக் கதைகளில் பெரும்பாலும் இந்த மூட்டையைக் காணோம்.

இரண்டாவது, நீங்கள் நேராகக் கேட்ட மனித இயல்பு. இங்கே நான் தயங்குகிறேன். சமூகத்தைப் பற்றி இந்தக் கதைகள் சொல்வதைச் சரித்திரத்தோடு வைத்துச் சரிபார்க்கலாம். மனித இயல்பைப் பற்றிச் சொல்வதை எதோடு சரிபார்ப்பது? கதை ஒரு சோதனை என்பார்கள். ஆனால் வினாத்தாளைப் போட்டவரே விடையையும் எழுதி, மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளும் சோதனை அது. பேரழிவு வந்தால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்று ஒரு நூறு கதைகள் இருக்கின்றன. பேரிடர்களை நேரில் ஆராய்ந்தவர்கள் பொதுவாகக் கண்டது வேறு. பெரும்பாலான மக்கள் அக்கம்பக்கத்தாருக்கு உதவத்தான் ஓடுகிறார்கள். என் சொந்தப் பாட்டி சொன்ன, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலக் கதைகளில் இரண்டுமே இருந்தன. ஒரே லயத்தில், இருந்த மரவள்ளிக்கிழங்கை நாலாக வெட்டிப் பங்கிட்டவரும் இருந்தார், சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவர்களிடம் எதிர் வீட்டுப் பெயரைச் சொன்னவரும் இருந்தார். எது மனித இயல்பு என்று கேட்டால் பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒரே கிணத்துத் தண்ணிதான் குடிச்சாங்க" என்பார். ஆகவே ஒரு கதை 'மனிதன் இப்படித்தான்' என்று அடித்துச் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்பேன். 'இப்படி ஒரு நிலைமையில் மனிதனை வைத்தால் என்ன ஆவான்' என்று கேட்கும் கதைகளோடு எனக்குச் சண்டை இல்லை.

மூன்றாவது, இவற்றைப் படித்தால் பிள்ளை இரக்கமுள்ளவனாக வளர்வான் என்ற நம்பிக்கை. எனக்கும் அப்படி ஒரு ஆசை இருந்தது. ராடியஸ் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய என் பழைய மாணவன் ஒருவன் இப்போது ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்டாக இருக்கிறான். அவனிடம் வேலை பார்ப்பவர்களின் கடப்பிதழ்கள் (பாஸ்போர்ட்) அவன் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

சரி, உங்கள் மகன். நேரம் வீணாகிறது என்று நான் நினைக்கவில்லை, தடுக்காதீர்கள். முடிந்தால் அவன் படிப்பதில் ஒன்றை நீங்களும் படித்துவிட்டு, சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கதையில் பாத்திரம் கழுவுவது யார்? விண்கலமோ வேற்றுக்கிரகமோ, எங்கேயாவது யாராவது கழுவித்தானே ஆக வேண்டும். ரோபோ கழுவுகிறது என்று சொன்னால், பெரட்டு எடுப்பது யார் என்ற அந்தப் பால் வெட்டிய பாட்டியின் கேள்வியை அடுத்து கேளுங்கள். ரொக்கையாவின் கதை சில பக்கங்கள்தான், ஆங்கிலம் எளிது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், வெல்ஸ் நீளம், ஆனால் அதுவும் இலவசமாகக் கிடைக்கும். சாப்பெக்கை இன்னும் ஓரிரண்டு வருடம் கழித்துக் கொடுக்கலாம். தமிழில் தொடங்க வேண்டுமென்றால் ஜீனோவைத்தான் சொல்வேன். விகடனிலிருந்து கிழித்துத் தைத்த பழைய கட்டு ஒன்று என்னிடமே இருந்தது, மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் ஒரு வாரத்துக்கென்று வாங்கிப் போனார். புத்தகமாகக் கடையில் கிடைக்கிறது, அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.